பொன் போட்டும் வடியாத வீக்கம்

எண்பத்திரண்டாம் வருடம், மண்ணூர் தசரதனுக்கு வலக் காதின் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம் கண்டது. ஊரார் அதைப் பொன்னுக்குவீங்கி என்றார்கள். அதற்கு வைத்தியமும் ஊரறிந்ததுதான்: கழுத்தில் தங்கம் போட வேண்டும். அவன் மனைவி பாஞ்சாலியிடம் தாலிப் பொட்டைத் தவிர வேறு பொன் இல்லை. ஆகவே தசரதனின் அக்காள் லீலா தன் சங்கிலியைக் கழற்றித் தம்பியின் கழுத்தில் போட்டுவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் கழிந்தும் வீக்கம் வடியவில்லை. எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தது. பாஞ்சாலிக்கு நாத்தனார்மேல் சந்தேகம் விழுந்தது. அசல் சங்கிலியை ஒருத்தி இவ்வளவு தாராளமாகக் கொடுப்பாளா? கவரிங்காகத்தான் இருக்க வேண்டும். ஒருவரிடமும் மூச்சு விடாமல், கணவன் குளிக்கக் கழற்றி வைத்த சங்கிலியை மடியில் முடிந்துகொண்டு ஸ்ரீபெரும்புதூருக்குப் பஸ் ஏறினாள்.

தேரடிப் பத்தர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார்.

"சுத்தத் தங்கம்மா."

"நல்லாப் பாருங்க பத்தரே."

"இன்னும் தேய்ச்சா, நீ வெறுங்கையோடதான் வூட்டுக்குப் போவணும்."

தங்கம் அசல் என்றால், அது பொன்னுக்குவீங்கி அல்ல. கடை வாசலிலேயே பட்டணத்துக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று பாஞ்சாலி விசாரித்தாள். மறுநாளே கணவனைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துச் சென்றாள்.

அங்கே வீக்கத்திலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து முடிவைப் படித்த டாக்டர் கங்கா, நிமிராமலே கேட்டார்: "பீடி, சிகரெட் உண்டா?"

"அந்த நாத்தமே ஆவாதுங்க" என்றான் தசரதன்.

டாக்டர் அவன் கையை ஒரு கணம் பார்த்துவிட்டு, மார்புக்கு எக்ஸ்ரே எழுதினார்.

"வீக்கம் கன்னத்துல கீது. மாருக்கு எதுக்குங்க படம்?" பாஞ்சாலியின் குரலில் மரியாதையும் இருந்தது, அவநம்பிக்கையும் இருந்தது.

"இது புத்துநோய்ம்மா. இந்த மாதிரிச் சின்ன அணுக்கள் வழக்கமா நுரையீரல்ல பிறந்துதான் மத்த இடத்துக்குப் பரவும். காதுக்குக் கீழ இருக்கற எச்சில் சுரப்பியிலேயே பிறக்கறது ரொம்ப அபூர்வம். நானே புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன். இங்கேயே பிறந்ததுன்னா வெட்டி எடுக்கலாம். நுரையீரல்லேருந்து வந்ததுன்னா, வெட்டிப் பிரயோஜனம் இல்லை."

எக்ஸ்ரே வரிசையில் தசரதன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பாஞ்சாலி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பட்டறைலேர்ந்து தினம் ஏலக்கா மென்னுகினு வரீங்களே, எதுக்கு?"

"சும்மாதான்."

"என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

சத்தியம் செய்ய எழுந்த அவன் கை பாதியிலேயே நின்றது.

"ஒரு நாளைக்கு ஆறு பீடி. ஏழு வருசமா. சொன்னா கத்தி வைக்க மாட்டாங்க பாஞ்சாலி. வுட்டுடு."

சொன்னால் கைவிட்டுவிடுவார்களோ? சொல்லாவிட்டால், வேர் மார்பில் இருக்கக் கன்னத்தை மட்டும் அறுத்து அனுப்பிவிடுவார்களோ? கணவன் முந்தானையைப் பற்றி இழுக்க இழுக்க, அவள் டாக்டரின் அறைக்குத் திரும்பி நடந்தாள்.

"அவரு பொய் சொல்லிட்டாரும்மா. ஆறு பீடி."

"விரல்ல இருக்கற கறையே சொல்லுச்சு" என்றார் டாக்டர். பிறகு, பக்கவாட்டில் இன்னொரு படமும் சளிப் பரிசோதனையும் சேர்த்து எழுதினார்.

நான்காம் நாள், டாக்டர் இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "நுரையீரல் சுத்தமா இருக்கு. சளியிலயும் ஒண்ணும் இல்லை."

பாஞ்சாலி மகிழவில்லை. "இது இவரு படந்தான்னு எப்டிம்மா தெரியும்?"

டாக்டர் படத்தின் மூலையைக் காட்டினார். பாஞ்சாலி ஓ.பி. சீட்டை அதன் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் பார்த்தாள். ஏழு. ஒன்று. நான்கு. நான்கு. ஒன்பது.

"வியாழக்கிழமை ஆபரேஷன். அப்புறம் கதிர்வீச்சு, அதான் கரண்ட், வைக்கணும். வாய் ஒரு பக்கம் கோணிக்கலாம். முழுசாப் போயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

சத்தியம் பண்ணாத அந்த முகத்தைப் பாஞ்சாலி சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

"எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்கம்மா" என்றாள்.