கோராகு வீடு

நான் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் புதுப் போதகர் அதைக் கேட்டார்.

"நீங்கதான் கோராகு வீட்டுப் பொண்ணா?"

அங்கியைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க வந்தவர் அவர். பழைய போதகர் விட்டுப்போன வெள்ளை அங்கி. அவருக்கு நல்ல உடம்பு, இவரோ நோஞ்சான். இன்னொரு ஆளையும் உள்ளே சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவு தொளதொளப்பு. என் தையல் கடைக் கண்ணாடிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றுகொண்டிருந்தார். நான் அக்குளிலிருந்து இடுப்புவரை துணியைப் பிடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தேன். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். அதற்குள் கோபம் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

"எங்க அப்பாவுக்குன்னு ஒரு பேர் இருக்கு பாஸ்டர்."

"ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வழி கேட்டேன், எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பால் போடுகிறவர்கூட அப்படித்தான் சொல்வார். அவர் எங்கள் சபையே இல்லை. கோராகு வேதத்தில் வருகிறவன், மோசேயின் சித்தப்பா மகன். சபையில் எல்லாருமே பரிசுத்தவான்கள்தானே, நீங்கள் மட்டும் ஏன் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டீர்கள் என்று மோசேயைப் பார்த்துக் கேட்டவன். பூமி வாயைப் பிளந்து அவனை விழுங்கியது, கதை முடிந்தது. எபிரேய மொழியில் அந்தப் பெயருக்கு வழுக்கை என்று அர்த்தமாம். அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே முன்மண்டை காலி. அதுவும் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

அப்பா பஸ் ஓட்டுநராக இருந்தவர். கேள்வியை மனதில் போட்டுப் பூட்டிவைக்கத் தெரியாதவர். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நற்கருணை கொடுக்கும் நேரத்தில் எழுந்து நின்று, "எல்லாருக்கும் ஒரே அப்பம்தானே ஐயா? ஏன் எப்பவும் முதல் வரிசைக்கே முதல்ல? ஒரு வாரம் பின்னாடியிருந்து ஆரம்பிங்களேன்" என்றார். அவ்வளவுதான். முதல் வரிசை என்பது சபையை நடத்தும் மூப்பர்களின் குடும்பங்கள். அடுத்த வாரப் பிரசங்கம் முழுக்கக் கோராகு. அதோடு போயிருந்தால் ஜனங்கள் மறந்திருப்பார்கள். அந்த வாரமே எங்கள் வாசலில் நிலத்தடிக் குழாய் வெடித்து, மண் அரித்து, தெரு உள்ளே இறங்கிவிட்டது. அப்பாவின் ஸ்கூட்டர் பள்ளத்துக்குள் தலைகீழாகக் கிடந்தது. சபையே திரண்டு வந்து எட்டிப் பார்த்தது. குழாயைச் சரிசெய்ய வந்தவர்கள் துருப்பிடித்த துண்டை எடுத்துக் காட்டினார்கள். யாருக்கு வேண்டும் அது? தேவன் ஸ்கூட்டரை விழுங்கி எச்சரித்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்பா அதற்குப் பிறகு ஆலயத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. நாங்கள் கோராகு வீடானோம்.

"நான் அதுக்காகவும்தான்மா வந்தேன்," என்றார் போதகர், கைகளை இறக்காமலே. "அந்தப் பேர்ல இவ்வளவு வருத்தம் வேண்டாம். பூமி விழுங்கினதோட இவங்க வாசிக்கிறத நிறுத்திட்டாங்க. பின்னாடி ஒரு இடத்துல, ஜனங்களை எண்ணுற இடத்துல, கோராகோட பிள்ளைங்க சாகலன்னு ஒரே ஒரு வரி வருது. அந்த வம்சம்தான் பிற்பாடு தேவாலயத்துல பாடுது. சங்கீதங்களோட தலைப்பப் பாருங்க, கோராகின் புத்திரர்னு போட்டிருக்கும். சாபமா இருந்த பேரைப் பாட்டா மாத்திட்டாங்க!"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடம் கோபப்படுவதுதான் கஷ்டம், கத்தவும் முடியாது.

"அதனால சபை ஆண்டுவிழாவுல நீங்களும் உங்க தம்பியும் அதுல ஒரு சங்கீதம் பாடணும். நான் எழுந்து விளக்கம் சொல்றேன். அதோட இந்தப் பேச்சு ஓயும். தம்பி குழந்தைக்கு இவ்வளவு நாளா தள்ளிப்போட்ட ஞானஸ்நானத்தையும் மூப்பர்கள் ஒத்துக்குவாங்க, பேசிட்டேன்."

"அப்பா?"

அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். "அவர் மூப்பர்கள்கிட்ட ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிச்சா நல்லாயிருக்கும். இல்லன்னா... இப்போதைக்குப் பிள்ளைங்க நீங்க வாங்க."

அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவர் போன பிறகு, நான் தையல் பிரிக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு நூலையும் வெடுக்கென்று பிடுங்கினேன். கோராகின் பிள்ளைகள் சாகவில்லையாம். எப்படிச் சாகவில்லை? கோராகின் கூடாரத்தை விட்டு விலகுங்கள் என்று மோசே சத்தம்போட்டபோது அவர்கள் விலகியிருப்பார்கள். அப்பா உள்ளே நிற்க, பிள்ளைகள் நாலு அடி தள்ளி நின்றிருப்பார்கள். மண் மூடிய பிறகு அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்களா? அப்பாவை விழுங்கியவருக்கே பாட்டுக் கட்ட வாய் எப்படி வந்தது? பசிக்காகவா, பயத்தாலா? வேதம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. பிழைத்துவிட்டார்கள், பாடினார்கள். என்ன அழகான விளக்கம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் சொன்னபோது அப்பா பேரனை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு தட்டுதான் ஸ்டீயரிங். தம்பி உடனே பிடித்துக்கொண்டான்.

"ஒரே ஒரு பாட்டுதான்க்கா. பாடிட்டா முடிஞ்சுது. இவனையும் நாளைக்குக் கோராகுன்னு கூப்பிடணுமா?"

"பாடுறது எனக்குக் கஷ்டமில்லடா. அப்பாவ வெளிய நிறுத்திட்டு எப்படிப் பாடுவ?"

"நானா நிறுத்துறேன்? ஒரு வார்த்தை சொன்னா இவரும் வரலாம். வயசானாலும் வீம்பு குறையல!"

அப்பா ஸ்டீயரிங்கை நிறுத்தினார். "கேட்டதுக்கே இன்னும் பதில் வரல. அதுக்குள்ள மன்னிப்பு எதுக்குடா?" என்றார். பிறகு பேரனின் தலையைத் தடவிவிட்டு, "நீங்க போய்ப் பாடுங்க. புள்ளைக்கு ஒரு சபை வேணும். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றார்.

நினைத்துக்கொள்ள மாட்டாராம். அவர் அப்படிச் சொன்னதற்கும் எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் தம்பி மனைவி குழந்தையை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தபோது, சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆண்டுவிழாவன்று ஆலயம் நிரம்பி வழிந்தது. என் கையால் பிடித்துத் தைத்த அங்கி போதகருக்குக் கச்சிதமாக இருந்தது. அவர் விளக்கம் சொன்னார். சபிக்கப்பட்ட பெயரிலிருந்தும் துதி பிறக்கும் என்றார். முதல் வரிசை தலையாட்டியது. மூப்பர் ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். எங்களை மன்னித்ததில் அவருக்கே உருகிவிட்டது போலிருக்கிறது. தம்பி முதல் சரணத்தைப் பாட வேண்டும், இரண்டாவது நான், மூன்றாவது சேர்ந்து. கீபோர்டு ஆரம்பித்தது. உம்முடைய வீட்டில் குருவிக்கும் இடம் கிடைத்ததே என்று தம்பி பாடினான். அவனுக்கு நல்ல குரல். அந்தக் குரல் அப்பாவுடையது.

அப்போதுதான் பார்த்தேன். பின்பக்கக் கதவுக்கு வெளியே, வெயிலில், அப்பா. சலவைச் சட்டை போட்டு, முழுக்கைப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். தலை பளபளத்தது. இடம் பார்த்து உட்காரவைக்கும் ஆள், தெருச் சத்தம் மைக்கில் விழுகிறதென்று, அவரைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தப் போனான்.

நான் மேடையிலிருந்து இறங்கினேன். யோசித்து இறங்கவில்லை. நடுப்பாதையில் நடந்தபோது தம்பியின் குரல் ஒருமுறை தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டது. கதவுக்கு நடுவில் காலை வைத்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"உள்ள வாங்க."

"ஐயோ, நீ ஏம்மா இறங்கி வந்த? போ, போய்ப் பாடு." அவர் கையை இழுத்தார். "நான் இங்கயே நிக்கிறேன். நல்லாத்தான் கேக்குது."

"நல்லா கேக்குதா?" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொல்ல நினைத்தேன். ஆலயம் முழுவதும் கேட்டது. "யாருக்கு வேணும் நல்லா கேக்குறது!"

அவர் வரவில்லை. நான் விடவில்லை. தம்பி தன் சரணத்தை முடித்துவிட்டான். என்னுடையது தொடங்க வேண்டிய இடத்தில் கீபோர்டுக்காரர் அந்த ஒரே இசையைத் திரும்ப வாசித்தார், பிறகு இன்னொரு தடவை. முதல் வரிசை முழுவதும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.