ஸ்தாமென் வீட்டு டிவியில் வந்த படம்

அன்று காலை பத்தேகாலுக்கு அந்த போன் வந்தபோது ரலிட்சா நின்றுகொண்டே தயிர் குடித்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்குக் கேபிள் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வருவதாக இருந்தது. எங்கள் செயலியை அவர்கள் எடுத்துக்கொண்டால் பல்கேரியா முழுக்க அவர்களுடைய வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய்விடும். மூன்று மாதமாக அதற்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தோம்.

செயலியின் பெயர் 'சின்ன ஜன்னல்'. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் போனில் ஒரு படத்தைத் தொட்டு அனுப்பினால் ஊரில் அப்பா அம்மா வீட்டு டிவியில் அது பெரிதாக வந்து நிற்கும். பெரியவர்கள் எதையும் அழுத்தவேண்டாம், டிவி ஓடிக்கொண்டிருந்தால் போதும். போனில் ஓடும் பாதியை எழுதியவள் ரலிட்சா. டிவியில் ஓடும் பாதி நான் எழுதியது. எங்கள் முதலாளி ஓக்னியானையும் சேர்த்து ப்ளோவ்திவ் நகரத்து அலுவலகத்தில் ஐந்தே பேர். அதனால் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை முறைவைத்து நாங்களே எடுப்போம். அன்று ரலிட்சாவின் முறை.

"சின்ன ஜன்னல், சொல்லுங்க."

"பொண்ணே, என் பேரு ஸ்தாமென். டிராக்கியா குடியிருப்புல இருந்து பேசறேன். டிவியில ஒரு படம் வந்திருக்கு. அதைக் காகிதத்துல எடுக்கணும். எப்படின்னு சொல்லு."

"என்ன படம் ஐயா?"

"பேரப்பிள்ளை! வயித்துக்குள்ள இருக்கறதை எடுப்பாங்களே, அந்தப் படம். ஏழு வருஷம் காத்திருந்தோம் பொண்ணே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாம படத்தை மட்டும் அனுப்பியிருக்கா பாரு என் மக, கள்ளி!"

ரலிட்சா சிரித்துக்கொண்டே வாழ்த்து சொன்னாள். படத்தை எடுத்துத் தருவதற்காக அவருடைய கணக்கைத் திறந்தாள். அவருடைய மகள் யோவானா ஜெர்மனியில், உல்ம் நகரத்தில். அவள் கடைசியாக அனுப்பியது பதினோரு நாளுக்கு முன்னால், ஒரு பனிமூடிய சைக்கிளின் படம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

ரலிட்சாவின் முகம் வெளிறிப்போவதை நான் எதிர்மேசையிலிருந்து பார்த்தேன்.

"ஐயா, மகள்கிட்ட பேசிட்டீங்களா?"

"எங்க பேசறது? காலையில வேலைக்குப் போனா போனைப் பூட்டி வெச்சிடுவாங்க. நம்ம நேரத்துக்கு மதியம் ஒரு மணி ஆகணும். அப்ப பேசுவேன். இப்போ மிட்டாய் வாங்கக் கடைக்குப் போறேன்." போனை வைத்துவிட்டார். அவள் திரும்ப அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டு போன். ஆள் கிளம்பிவிட்டார்.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு டிவிக்கும் நாங்கள் ஓர் எண் கொடுப்போம். டிவியில் தெரியும் அந்த எண்ணைப் போனில் அடித்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். முதலில் ஆறு இலக்கம் இருந்தது. பெரியவர்கள் போனில் படித்துச் சொல்லத் தடுமாறுகிறார்கள் என்று ஓக்னியான் நான்காக்கச் சொன்னார். நான்கு இலக்கத்தில் பத்தாயிரம் எண்தான் உண்டு. வீடுகள் பெருகியதும், ஒரு மாதம் அணைந்தே கிடந்த டிவியின் எண்ணை எடுத்துப் புது டிவிக்குக் கொடுக்க ஆரம்பித்தோம். அப்படிக் கொடுக்கும்போது பழைய போனுக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள தொடர்பை அறுக்க வேண்டும். அறுக்கும் அந்த வரியை ரலிட்சா எழுதவில்லை. செய்யவேண்டியவை பட்டியலில் ஆறாவதாக வைத்திருந்தாள். டோப்ரிச் ஊரில் யாரோ ஓர் அம்மாள் ஒரு மாதம் வீட்டில் இல்லை, டிவி அணைந்து கிடந்திருக்கிறது. அந்த அம்மாளின் எண் ஸ்தாமெனுக்குப் போய்விட்டது. அந்த அம்மாளின் மகள் அனுப்பிய ஸ்கேன் படம் இவர் டிவியில் வந்து நின்றுவிட்டது.

என் பங்கும் உண்டு. படத்தின் கீழே அனுப்பியவர் பெயர் வரும்படிதான் முதலில் செய்திருந்தேன். திரை அழகாக இருக்கட்டும் என்று நானே அதை எடுத்துவிட்டேன்.

"எத்தனை எண் இப்படி?" என்று கேட்டேன்.

"அறுபத்து மூணு." என்றாள் ரலிட்சா. "கலின், இப்பவே நிறுத்தணும். எல்லாத்தையும்."

ஓக்னியான் புது சட்டை போட்டுக்கொண்டு பெரிய டிவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் துணி கையிலேயே நின்றது.

"ஒரு மணி நேரம். அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் நிறுத்து."

"ஒரு மணி நேரத்துல எத்தனை பேர் படம் அனுப்புவாங்கன்னு தெரியுமா?"

"ரலிட்சா, அம்மா தாயே, மூணு மாசம்! இந்த அஞ்சு பேரோட பொழப்பு!"

"அந்த மனுஷன் இப்போ மிட்டாய் வாங்கப் போயிருக்காரு, ஓக்னியான். இன்னொரு வீட்டுல என்ன படம் போகுதோ யார் கண்டா?"

"நீ செஞ்ச தப்புக்கு நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ரலிட்சா தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். அவசரத்தில் கடவுச்சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்தாள். நான்காவது தடவை சேவை நின்றது. எங்கள் பெரிய டிவியில் படம் போய்க் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது: சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. கேபிள் கம்பெனிக்காரர்கள் படியேறி வந்த சத்தம் அப்போதுதான் கேட்டது.

ஓக்னியான் அவர்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் பின்வாசல் வழியாக என் காருக்கு ஓடிவிட்டோம்.

வழி நெடுக அவள் ஸ்தாமென் வீட்டு எண்ணை அழைத்துக்கொண்டே வந்தாள். பாலத்துக்கு முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நாற்பது நிமிடம் ஓர் அங்குலம் நகரவில்லை.

"போன்லயே சொல்லிடலாமே," என்றேன்.

"எடுத்தா சொல்ல மாட்டேனா?" என்று எரிந்து விழுந்தாள். கொஞ்சம் கழித்து, "எடுத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்னு நினைக்கிறேன்," என்றாள். கட்டைவிரல் நகத்தைக் கடித்துத் தோல் வரைக்கும் போய்விட்டிருந்தாள்.

டிராக்கியாவில் ஒன்றுபோலவே இருக்கும் அடுக்குக் கட்டடங்களுக்குள் அவர் கட்டடத்தைத் தேடிப் பிடிக்க இன்னும் அரை மணி. வாசல் முன்னால் பெஞ்சில் துணி விரித்து பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவும் ராக்கியா சாராயமும் வைத்திருந்தது. ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். நடுவில் சாக்லேட் பெட்டியைத் திறந்து நீட்டியபடி ஒல்லியான, உயரமான ஒருவர். முப்பது வருஷம் டிராலி பஸ் ஓட்டியவர் என்று பிறகு தெரிந்தது.

"கம்பெனியில இருந்தே வந்துட்டாங்களா! பாருங்கய்யா, இதுதான் சேவை! எடு பொண்ணே, ரெண்டா எடு!"

ரலிட்சா ஒரு சாக்லேட்டை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "ஐயா, மேல போய்ப் பேசலாமா?"

"அஞ்சாவது மாடி. லிப்ட் கிடையாது, முன்னாடியே சொல்லிடறேன்!"

ஏறும்போது அவர்தான் பேசிக்கொண்டே வந்தார். பிள்ளையைப் பற்றி ஏழு வருஷத்தில் மகளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையாம். "அவளா சொல்லட்டும்னு இருந்தேன். கேக்காம இருக்கறதுதான் கஷ்டம், தெரியுமா?"

வீட்டுக்குள் நுழைந்ததும் ரலிட்சா உட்காரவில்லை. "ஐயா, அந்தப் படம் உங்க மகள் அனுப்பினது இல்லை. வேற ஒருத்தங்க அவங்க அம்மாவுக்கு அனுப்பினது. எங்க தப்பால உங்க டிவிக்கு வந்துடுச்சு. தப்பு என்னோடது," என்றாள்.

அவர் டிவியைப் பார்த்தார். அதில் இப்போது எங்கள் கறுப்புத் திரைதான் இருந்தது.

"உறுதியாவா?"

"உறுதியா ஐயா."

"அந்த ஸ்கேன் ஓரத்துலயே ஏதோ பேர் அச்சடிச்சிருந்துச்சு, சின்ன எழுத்துல. ஜெர்மன்காரங்க ஏதோ எழுதியிருக்காங்கன்னு விட்டுட்டேன்." சாக்லேட் பெட்டியை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. அழுத்திப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தார்.

அப்போது கதவைத் தட்டாமல் பக்கத்து வீட்டு த்சோங்கா அம்மாள் தட்டோடு உள்ளே வந்தாள். "யோவானாவுக்கு இப்பதான் வாழ்த்து அனுப்பினேன்! பூப்படம் போட்டு!" என்றாள்.

மணி பன்னிரண்டு ஐம்பது.

அந்தப் பத்து நிமிடம் மாதிரி ஒன்றை நான் வாழ்க்கையில் உட்கார்ந்து கழித்ததில்லை. ஸ்தாமென் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக் கடிகாரத்தையே பார்த்தார். ஒன்று அடித்ததும் அழைத்தார். மகள் எடுத்துவிட்டாள்.

"யோவானா, த்சோங்கா அனுப்பினதைப் படிக்காதே."

"போனைக் கையில வாங்கினதும் அதைத்தான் படிச்சேன். என்னப்பா இது?"

அவர் சொன்னார். கோவையாக வரவில்லை, முன்னும் பின்னுமாகச் சொன்னார். போன் காதிலிருந்து சற்று விலகியிருந்ததால் அவள் குரல் எங்களுக்கும் கேட்டது.

"யாருக்கெல்லாம் சொன்னே?"

"கொஞ்சம் பேருக்கு."

"கொஞ்சம்னா?"

"கீழ நின்னவங்களுக்கு... கட்டடத்துக்கே சொல்லிட்டேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். ஸ்தாமென் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். ரலிட்சா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கிளம்பிவிடலாமா என்று நான் கண்ணால் கேட்டேன். அவள் அசையவில்லை.

கால் மணி நேரம் கழித்து யோவானாவே அழைத்தாள். அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. "அப்பா, நாங்க போன வருஷமே வைத்தியத்தை நிறுத்திட்டோம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை," என்றாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "இப்ப சொல்லிட்டே இல்ல, விடு," என்றார். பிறகு வெகுநேரம் இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசினார்கள். கடைசியில் போனை ரலிட்சாவிடம் நீட்டினார்.

"உங்களுக்கு இது ஒரு பிழை. திருத்திட்டு அடுத்த வேலையைப் பாப்பீங்க," என்றாள் யோவானா. ரலிட்சா விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "ஆமா," என்றாள். "மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா அதுக்கு நீங்க ஏதும் சொல்லணும்னு இல்லை."

கிளம்பும்போது ஸ்தாமென் வாசலில் கேட்டார்: "அந்தப் படம் யாருக்கு வரணுமோ அவங்க பாத்தாங்களா?"

பார்க்கவில்லை. காரில் உட்கார்ந்தே ரலிட்சா அந்தப் பெண்ணை அழைத்தாள். க்ரெமெனா, வர்ணாவில் இருப்பவள். நடந்ததைக் கேட்டதும் அவள் போட்ட சத்தத்தில் நான் ஜன்னலை ஏற்றினேன். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் தன் வயிற்றுப் படம். யாருக்குத்தான் கோபம் வராது? திடீரென்று சத்தம் நின்றது.

"அப்போ எங்கம்மா அதைப் பாக்கவே இல்லையா?"

"இல்லைங்க. அவங்க டிவிக்குப் போகவே இல்லை."

"நான் அவங்க பாத்துட்டுப் பேசாம இருக்காங்கன்னு... கல்யாணம் ஆகலையேன்னு கோவம்னு..." லைன் பட்டென்று அறுந்தது. அம்மாவை அழைக்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டோம்.

சேவையை ஒன்பது நாள் நிறுத்தி வைத்தோம். அறுபத்து மூன்று எண்களில் பதினேழு படங்கள் தப்பான வீட்டுக்குப் போயிருந்தன. பதினேழு பேரையும் ரலிட்சாவே அழைத்துப் பேசினாள். மற்ற எல்லோருக்கும் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினோம். தகவல் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் நாங்களே எழுதிக் கொடுத்தோம். ஐந்தில் ஒரு பங்கு வீடுகள் விலகிப்போயின. க்ரெமெனாவும் விலகினாள். கேபிள் கம்பெனி திரும்பி வரவில்லை. ஓக்னியான் இரண்டு வாரம் ரலிட்சாவிடம் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் அவளுடைய செய்யவேண்டியவை பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு, பாதுகாப்பு சம்பந்தப்பட்டதையெல்லாம் மேலே ஏற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆகஸ்டில் யோவானா எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், சொல்லாமல் கொள்ளாமல் படியேறி வந்து ரலிட்சா யார் என்று கேட்டாள். ரலிட்சா எழுந்து நின்றுவிட்டாள். யோவானா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அப்பா டிவியில ஒண்ணுமே வர்றதில்லைன்னு புலம்பறாரு. திரும்ப சேத்துவிடலாமான்னு யோசிக்கிறேன்," என்றாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இப்போ யாரோட படம் எந்த வீட்டுக்குப் போகுதுன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

ரலிட்சா திரும்பித் தன் திரையைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"இன்னைக்குக் காலையில பாத்தேன். இன்னைக்குத் தெரியும்," என்றாள். "நாளைக்குக் காலையில மறுபடி பாப்பேன்."

யோவானா கைப்பையைத் திறந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.