நாற்பது மணங்கு விசை

1910-ஆம் வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, வண்ணார்பேட்டைப் பாரந்தூக்கிப் பட்டறையில் கொக்கி அடிக்கிற இசக்கியப்பன் முப்பதடி உயரத்துக்குப் போனான். கொக்கியை விட்ட பிறகும் கீழே வரவில்லை. வெயில் வழக்கமான வெயில்தான்.

வேதநாயகம் அண்டு சன்ஸ் என்ற அந்தக் கம்பெனி தொடங்கி அப்போது ஏழு வருஷம். சன்ஸ் யாரும் கிடையாது. பெயர்ப்பலகை கனமாக இருக்கட்டும் என்று முதலாளி எழுதிக்கொண்டது. ஒன்றாம் நம்பர் பாரந்தூக்கி உடன்குடிக் கருப்பட்டிச் சிப்பங்களுக்கு. நாலு மணங்கு தூக்கும். இரண்டாம் நம்பர் அம்பாசமுத்திரம் நெல் மூட்டைகளுக்கு, பதினைந்து மணங்கு. மூன்றாம் நம்பர் தாமிரபரணிக்குள் விழுந்த மண்டபக் கல்லை எடுக்கப்போய், கூடவே ஒரு வண்டித் தண்ணீரையும் தூக்கிவிட்டது. தண்ணீர் மூன்று நாள் அந்தரத்தில் நின்றது, கெண்டை மீன்கள் உட்பட. நாலாம் நம்பர், அம்பாசமுத்திரத்து வேதக்கோயில் சபையார் வாங்கிப் பட்டறையில் இறக்கிவைத்த நாற்பது மணங்கு மணிக்கென்றே செய்தது.

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. கொக்கி அடித்தவனே அதில் முதலில் தொங்க வேண்டும். தொங்குமுன் முதலாளி வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். அந்த வருஷம் பெரிய வெள்ளியும் பங்குனி உத்திரமும் ஒரே நாளில் வந்தன. முதலாளி வீட்டில் அடுப்பு எரியவில்லை. இசக்கியப்பன் சாஸ்தாவுக்கு விரதம். ஈஸ்டர் விடியலில் மணி அடித்தாக வேண்டுமென்று சபையார் நெருக்கியதால், ஆராதனை முடிந்த கையோடு வேதநாயகம் சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். வெறும் வயிற்றோடு ஐந்து மணங்குகூடத் தேறாத ஆள்மேல் நாற்பது மணங்கு விசையும் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. அதன்பின் நாலாம் நம்பரால் ஒரு செம்பைக்கூடத் தூக்க முடியவில்லை. ஈஸ்டர் சத்தமில்லாமல் போயிற்று.

“ஏலே, எறங்குலே!” என்றார் வேதநாயகம்.

“எங்கன மொதலாளி எறங்க? காலுக்குக் கீழ ஒண்ணுமில்லையே.”

கயிறு போட்டு இழுத்த ஆறு பேரும் கூடவே எழும்பினார்கள். வேப்பமரத்தில் கட்டினால் மரம் வேரோடு கிளம்பியது. ஒன்றாம் நம்பரில் கஞ்சி மேலே போனது. பெரிய வெள்ளியன்று வேலை செய்த பாவம் என்று வேதநாயகம் தூக்கத்தை விட்டார். இசக்கியப்பனின் பெண்சாதி இசக்கித்தாய் ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுக்குப் பாவம் பற்றியெல்லாம் பேச நேரமில்லை.

“பிள்ளை பொறந்ததும் நாக்குல கருப்பட்டித் தண்ணிச் சேனை தொட்டு வைக்க அவிய கைதான் வேணும். மணிக்குன்னு சுத்துன விசை அவிய ஒடம்புல நிக்கி. மணியக் கட்டுங்க, எறங்கிருவாவ.”

“கோயில் மணிய மனுசன் இடுப்புல கட்டவா? சபைக்காரங்க என்னைச் சும்மா விடுவாங்களாம்மா?”

“அப்போ சபைக்காரங்களக் கட்டுங்க.”

இரண்டு மாதம் வேதநாயகம் மணியைத் துடைப்பதும் ஜெபிப்பதுமாக இருந்தார். வைகாசியில் ஒரு காலை அவளுக்கு வலி கண்டது. அலறல் பட்டறைவரை கேட்டது. மேலே நின்றவன் காற்றில் நீந்துகிறவன்போல் கையைக் காலை அடித்தான். ஒரு சாண்கூட நகரவில்லை. அதைப் பார்த்த வேதநாயகம் தானே கயிற்றை எடுத்து மணியின் காதில் முடிச்சுப் போட்டு, மறுநுனியை மேலே எறிந்தார். அதைப் பற்றிக்கொண்டு இசக்கியப்பன் வேப்பிலை உதிர்வதுபோலப் பைய இறங்கினான். மணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, அது ஒலிக்க ஒலிக்க வீட்டுக்கு ஓடி, கருப்பட்டித் தண்ணீரை விரலில் தொட்டுப் பெண்குழந்தையின் நாக்கில் வைத்தான்.

சபையார் சண்டைக்கு வந்தார்கள். அவன் நடந்து காட்டினான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மணி அடித்தால் சரிதான் என்று போய்விட்டார்கள். ஞாயிறுதோறும் ரயிலில் அம்பாசமுத்திரம் போய்க் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி வருவான். லக்கேஜ் கேட்ட ரயில்வேக்காரர்கள் தராசில் ஏற்றினார்கள். ஆளும் மணியுமாக ஐந்து மணங்கு. ஒரு டிக்கெட்டோடு விட்டார்கள். வேதநாயகம் ஐந்தாம் நம்பர் செய்யவேயில்லை.

மணியைக் கழற்றினால் போய்விடுவான் என்பதால் தூங்கும்போதும் அது இடுப்பில்தான். இசக்கித்தாய் நடுவில் விழித்து முடிச்சைத் தொட்டுப் பார்ப்பாள். மகள் மாரிக்கண்ணுக்கு அந்தக் கவலை கிடையாது. அப்பன் என்றால் நடக்கும்போது ஒலிப்பான் என்று அவள் நினைத்திருந்தாள். பள்ளிக்கூடம் போன முதல் நாள், மற்றப் பிள்ளைகளின் அப்பன்மார் சத்தமே இல்லாமல் வந்து கூட்டிப்போவதைப் பார்த்து, பாவம், ஊமை அப்பன்கள் என்று வருத்தப்பட்டாள்.