கடைசி வாத்துக்குப் பின்னால்

வாத்துகள் கிளம்பிய பிறகுதான் எங்கள் பள்ளி கிளம்பும். முன்னால் கிளம்பினால் அவை மிரளும்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்பது சட்டம். குழந்தை நடந்தால் பள்ளியும் நடக்க வேண்டும். இதில் விளக்க ஒன்றுமில்லை. அஞ்சலாட்சி நடந்துகொண்டே இருந்தாள். நாங்களும் நடந்தோம்.

அஞ்சலாட்சிக்கு எட்டு வயது. அவள் அப்பா கன்னியப்பன் வாத்து மேய்ப்பவர். அறுப்பு முடிந்த வயல்களில் சிந்திக் கிடக்கும் நெல்லை வாத்துகள் தின்னும். ஓர் ஊர் வயல் தீர்ந்தால் அடுத்த ஊர். கன்னியப்பன் முன்னால் போவார். அஞ்சலாட்சி கையில் கோலுடன் கடைசி வாத்துக்குப் பின்னால் வருவாள். அவளுக்குப் பின்னால் பள்ளி வரும்.

பள்ளி என்றால் ஒரு வகுப்பறை, ஒரு சமையலறை, கழிப்பறை, கொடிக்கம்பம். ஓட்டுக் கூரை. வரப்பில் நடக்கும்போது ஒரு பக்கச் சுவரைத் தூக்கிக்கொள்ளும். யார் வயலையும் மிதித்ததில்லை. நான் தலைமையாசிரியை. சமைப்பவர் தனபாக்கியம். மாணவி அஞ்சலாட்சி. இன்னும் சேரவில்லை.

தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து பெயர் கூப்பிடுவேன்.

"அஞ்சலாட்சி."

அவள் திரும்பிப் பார்ப்பாள். பதில் சொல்லமாட்டாள். உள்ளே இருப்பவர்கள்தான் 'உள்ளேன்' என்று சொல்ல முடியும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏதாவது ஒரு வாத்து பதில் சொல்லும்.

"வாத்துக்கே ஆஜர் போட்டுருங்க டீச்சர்," என்பார் தனபாக்கியம். "அதுக்காவது மரியாதை தெரியுது."

"வயசு வரம்பு இருக்கு தனபாக்கியம்."

"எந்த வாத்துக்கு வயசு பாத்தீங்க?"

தனபாக்கியம் தினமும் மதிய உணவுக்கு ஒரு கோழிமுட்டை அவிப்பார். அதைப் பள்ளிக்குள் வைத்துத்தான் கொடுக்கலாம். அஞ்சலாட்சி முட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவள். ஒன்றைக்கூடத் தின்றதில்லை. விற்கிற பொருளில் வாய் வைக்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். மாலை வரை பார்த்துவிட்டுத் தனபாக்கியமே அந்த முட்டையைத் தின்பார். கோபமாகத் தின்பார்.

நான் கன்னியப்பனிடம் பேசினேன்.

"புள்ளய உள்ள அனுப்புங்க."

"அனுப்பிட்டா பின்னாடி யாரு வர்றது? நொண்டுறது, கண்ணு தெரியாதது எல்லாம் கடைசியாத்தான் வரும். பாக்க ஆள் இல்லன்னா நரிக்குத்தான்."

"படிப்பு இலவசம்."

"நரிக்கும் எல்லாம் இலவசம்தான் டீச்சர்."

"நாங்களும் தினம் பின்னாடியே வர்றோம்."

"பாத்துக்கிட்டுதான இருக்கேன். ஏதாவது சொன்னேனா? பின்னாடி வர்றத விரட்டக்கூடாது. அது எங்க தொழில் முறை."

அன்று மாலை அவர் வாத்துகளை வலைக்குள் அடைத்தார். பிறகு பள்ளி வாசலில் ஒரு கை நெல் போட்டார். கூட வந்தது எதுவானாலும் இரை போடுவதும் தொழில் முறை. பள்ளி அதைத் தின்னவில்லை. காலையில் அந்த நெல்லின் மேல் வாசற்படி படாமல் சுற்றிக்கொண்டு கிளம்பியது.

நான் வேறு கட்டடங்களில் வேலை பார்த்திருக்கிறேன். நல்ல கட்டடங்கள்தான். மாடி இருந்தது. வருகிறவர்களுக்காக அவை நின்ற இடத்தில் நின்றன. வராதவர்களை நினைத்துக்கொண்டு ஒரு கட்டடம் எழுந்திருப்பதை நான் இங்கேதான் பார்த்தேன்.

தை கடைசியில் கொள்ளிடம் வந்தது. ஆற்றில் தண்ணீர் இருந்தது. வாத்துகள் வேகம் குறையாமல் இறங்கின. கன்னியப்பன் படகில் ஏறினார். அஞ்சலாட்சி படகின் பின்முனையில் நின்றாள். அக்கரையில் ஒரு லாரி காத்திருந்தது. வாத்துகளோடு அவளும் லாரியில் ஏறிவிட்டால் அவளுக்கு ஓடுகிற பள்ளி வேண்டும். எங்களுடையது நடக்கிற பள்ளி.

பள்ளி ஒரு படியைத் தண்ணீரில் வைத்தது. எடுத்துக்கொண்டது.

வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"சார், பள்ளி ஆத்துல இறங்கலாமா?"

"எந்தப் பள்ளி?"

"நடக்கிற பள்ளி சார்."

"நடக்கிறதுல எது?"

"வாத்துக்குப் பின்னாடி போறது."

"சரி. புள்ள எங்க இருக்கு?"

"படகுல. அக்கரைக்குப் போயிட்டிருக்கு."

"ஆறு எவ்வளவு அகலம்?"

"ஒரு கிலோமீட்டருக்கு மேல சார்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ஆறு இருந்தா பரவாயில்லன்னு சட்டத்துல எங்கயும் போடலம்மா."

"பள்ளிக்கு நீந்தத் தெரியாது சார்."

"தெரியணும்னும் போடல."

போனை வைத்துவிட்டார். குரலில் பெருமை இருந்தது என்று நினைக்கிறேன்.

நான் பள்ளியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குக் கேட்டிருந்தது. ஜன்னல்களை மூடிக்கொண்டு இறங்கியது.

தனபாக்கியம் அடுப்பை அணைத்தார். பிறகு திரும்பப் பற்றவைத்தார்.

"முட்டை பாதி வெந்திருக்கு," என்றார்.

பள்ளி நீந்தியது என்று சொல்ல முடியாது. கதவால் துழாவியது. கூரையிலிருந்து ஓடுகள் போயின. வகுப்பறைக்குள் முழங்கால் வரை தண்ணீர். பாடப் புத்தகங்களை நான் தலையில் வைத்துக்கொண்டேன். கொடிக்கம்பம் மட்டும் நேராக இருந்தது.

நடு ஆற்றில் இழுப்பு அதிகம். நொண்டி வாத்துகளும் கண் தெரியாத வாத்துகளும் கூட்டத்திலிருந்து கழன்றன. கடல் பக்கமாகப் போயின. அஞ்சலாட்சியின் கோல் எட்டவில்லை.

"அப்பா! கடைசி எல்லாம் போவுதுப்பா!"

"போவட்டும். இந்த இழுப்புல படகத் திருப்ப முடியாது."

"அப்பா!"

பள்ளி கிழக்கே திரும்பியது. யாரும் உத்தரவு தரவில்லை. வாத்துகளைத் தாண்டிப் போய்க் குறுக்கே நின்றது. அவை சுவரில் வந்து மோதின. பிறகு படியில் ஏறின. வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதும் சட்டம். கதவைத் திறந்தேன். அவை பெஞ்சுகளில் உட்கார்ந்தன. நல்ல ஒழுக்கம்.

நாங்கள் கரை ஏறியபோது லாரியின் பின்கதவு திறந்திருந்தது. எங்கள் வாசல் வழியாக வாத்துகள் இறங்கின. ஒன்று மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. கன்னியப்பன் அதையும் சேர்த்து எண்ணினார். நின்றார். முதலிலிருந்து எண்ணினார்.

"ஒண்ணும் கொறையல," என்றார். "ஒண்ணு கூடுதலா வருது."

"எது?"

பள்ளியைக் காட்டினார்.

லாரிக்காரர் பீடியை அணைத்தார். "ஏத்தலாமாண்ணே?"

கன்னியப்பன் பள்ளியைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார்.

"அது இதுல ஏறாது."

"எது ஏறாது?"

"நீ போப்பா. நாங்க நடந்தே வர்றோம்."

மகளின் கையிலிருந்து கோலை வாங்கினார். எங்கள் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் செருகினார். ஜன்னல் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"அப்ப நான் இன்னாப்பா பண்றது?" என்றாள் அஞ்சலாட்சி.

"பின்னாடி வரத்தான் ஆள் வந்துருச்சே. நீ உள்ள போ."

அவள் வாசலில் நின்று காலைத் துடைத்தாள். உள்ளே கணுக்கால் வரை தண்ணீர் இருந்தது. ஆனாலும் துடைத்துவிட்டுத்தான் வந்தாள்.

"அஞ்சலாட்சி," என்றேன். எனக்கு ஜன்னல் பக்கம் பார்த்தே கூப்பிட்டுப் பழக்கம். திரும்பி நின்று இன்னொரு முறை கூப்பிட்டேன்.

பெஞ்சிலிருந்த வாத்து வாயைத் திறந்தது. அவள் அதைப் பார்த்தாள். அது மூடிக்கொண்டது.

"உள்ளேன் டீச்சர்."

தனபாக்கியம் முட்டையை உரித்துக் கொண்டுவந்தார். இன்னும் மதியம் ஆகவில்லை என்றேன்.

"எப்பவோ ஆயிருச்சு டீச்சர்."

அஞ்சலாட்சி முட்டையைத் தொடவில்லை. "இது விக்கிறதா?"

"இல்ல. உன்னோடது."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு தின்றாள். வேகமாகத் தின்றாள்.

வெளியே கன்னியப்பனின் குரல் கேட்டது. அவர் சுவரைத் தட்டினார்.

"ஏ, கெளம்பு. எடது பக்கம் பாத்துக்க. ஒரு நொண்டி நிக்குது."

பள்ளி கிளம்பியது. இடது பக்கம் பார்த்துக்கொண்டது.