காலுக்கு நாலு நாள் தீட்டு

முதல்லயே சொல்லிடறேன். நாயைப் பிள்ளை மாதிரி வளக்கறேன்னு எவளாவது என்னைப் பத்திச் சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அது வேற விஷயம். வக்கீல்ங்கறது பேருதான், அவன் நாய். எங்க லோதி ரோடு குவார்ட்டர்ஸ் மாடிப்படிக்குக் கீழ படுத்துக் கெடந்தவன், நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மழைக்கு உள்ள வந்தான், வெளிய போகலை, அவ்வளவுதான். கறுப்பு உடம்பு, கழுத்துக்குக் கீழ வெள்ளைப் பட்டை, யாரு பேசினாலும் குறுக்க குரைப்பான். வேற என்ன பேர் வைக்கிறதாம்?

ஜனவரி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. காலனி கேட்டுகிட்ட ஒருத்தன் பனிமூட்டத்துல காரை அவன் வலது பின்னங்கால் மேல ஏத்திட்டுப் போயிட்டான். எலும்பு தூளாப் போச்சு. மறுநாள் காலையில பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில அந்தக் காலை எடுத்துட்டாங்க. டாக்டரம்மா கறாரா ஹிந்தியில சொல்லிட்டாங்க: பத்து நாள் வீட்லதான் இருக்கணும். மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை வயித்துக்கடியில துண்டு குடுத்துத் தூக்கி நிக்க வைக்கணும். தையல் பிரிஞ்சா போச்சு, படுத்தே கெடந்தாலும் போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள தானா எந்திரிச்சு நின்னா பொழைச்சான்.

சரின்னுட்டு நான் வேலை பாக்குற ஸ்கூல் ஆபீஸுக்குப் பத்து நாள் லீவு எழுதிப் போட்டுட்டு, ஆட்டோவுல மடியில வச்சுக் கூட்டிட்டு வந்தேன். கழுத்தைச் சுத்தி பிளாஸ்டிக் கூம்பு, மயக்கம் தெளியாத கண்ணு. கதவைத் திறந்த எங்க வீட்டுக்காரரு பாத்தாரு. "வியாழக்கிழமை சாயங்காலம் வேன் வருது"ன்னாரு. காஜியாபாத் தாண்டி ஏதோ நாய்க் காப்பகமாம். அறுபது நாய், ரெண்டு ஆளு. அங்க இவனை யாரு துண்டு குடுத்துத் தூக்குவா? மத்த நாயெல்லாம் சேந்து தையலைப் பிச்சுரும். அனுப்புறதும் ஒண்ணுதான், கொல்றதும் ஒண்ணுதான். அப்படியே சொன்னேன். காதுல வாங்கலை.

அவரு பேரு செந்தில்குமார். ஒரு மினிஸ்ட்ரியில லீவுக் கணக்கு பாக்குற செக்‌ஷனுக்கு ஆபீசர். கெட்ட மனுஷன் இல்லை. எதையும் நாளாப் பிரிச்சு, பாதியாப் பிரிச்சு, ரூல் என்ன சொல்லுதுன்னு பாக்கலைன்னா தூக்கம் வராது, அதான் வியாதி. நாயை அனுப்புறதுக்கு அவருகிட்ட ஒரு காரணமும் இருந்துச்சு. துவாரகாவுல இருக்கிற அவரு தங்கச்சி ருக்மிணியோட ஒரு வயசுப் பொண்ணுக்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து. இவருதான் தாய்மாமன், இவரு மடியில வச்சுத்தான் குத்தணும். மறுநாள் மாமன் வீட்டு விருந்துக்கு ருக்மிணி மாமியார் வீடு மொத்தமும் எங்க வீட்டுக்கு வருது. அவங்க முன்னாடி மூணு கால் நாய் கெடக்கக் கூடாது. நல்ல காரியத்துக்கு ஆகாதாம்.

அன்னைக்குச் சாயங்காலமே ருக்மிணி போன் பண்ணுனா. நான் வக்கீல் வாயில பனீருக்குள்ள மாத்திரையை வச்சுத் திணிச்சுக்கிட்டு இருந்தேன், ஸ்பீக்கர்ல போட்டேன்.

"மதினி, அந்தக் கால் எங்க?"

"எந்தக் கால்?"

"வெட்டுன கால்தான்."

"ஆஸ்பத்திரியில குடுத்துட்டேன், ருக்கு. நான் என்ன பையில போட்டுக் கொண்டு வருவேனா?"

"அய்யய்யோ, பொதைக்கலையா, ஒண்ணும் செய்யலையா? பாதிச் சாவு விழுந்த வீட்டுக்கு எங்க அத்தை எப்படி வருவாங்க?"

சும்மா பயத்துல ஒளறுனா, விட்டிருந்தா அதோட போயிருக்கும். எங்க வீட்டுக்காரரு டீவியை மியூட் பண்ணிட்டுத் திரும்புனாரு.

"பாதி இல்லை. நாலுல ஒண்ணு."

நான் சிரிச்சேன். அவரு சிரிக்கலை. பேப்பர் எடுத்தாரு, பேனா எடுத்தாரு. வீட்ல ஒரு சாவுன்னா பதினாறு நாள் தீட்டு. நாலு காலுல ஒரு கால் செத்துருச்சு. பதினாறை நாலால வகுத்தா நாலு நாள்.

"வால்? தலை? அதெல்லாம் எங்க போச்சு?"ன்னு கேட்டேன், வம்புக்குத்தான்.

மனுஷன் நெசமாவே யோசிச்சாரு. "அதெல்லாம் சர்வீஸ்ல இருக்கு. கணக்குல வராது."

அதோட நிக்கலை. சம்பவம் நடந்த நாளைச் சேக்கக் கூடாது, மறுநாள்ல இருந்துதான் எண்ணணும், ரூல் அதானாம். அப்ப செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ருக்மிணி கட்டிக் குடுத்த பொண்ணு, அவளுக்கு மூணே நாள். அதுல நாலுல ஒண்ணுன்னா பதினெட்டு மணி நேரம், அதை மட்டும் மணிக்கணக்காவே எண்ணிக்கலாமாம். பதினோரு மணியில இருந்து எண்ணி, "உனக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு முடியுது, அஞ்சரைக்குத் தலைக்கு ஊத்திரு"ன்னு அவகிட்ட சொன்னாரு. அந்தக் கூறுகெட்டவ டெல்லிக் குளிர்ல அஞ்சரைக்குத் தலைக்கு ஊத்திக்கிட்டு, செவ்வாய்க்கிழமை மத்தியானமே தும்மிக்கிட்டுக் கெடந்தா.

"தெரிஞ்சுதா? தீட்டு புடிச்ச நாய். வீட்ல வச்சிருக்க முடியாது"ன்னு எங்கிட்ட முடிச்சாரு. எதுக்கு இவ்வளவு கணக்குன்னு எனக்கு அப்பதான் வெளங்குச்சு.

தீட்டுன்னா தீட்டுதான்னு, அவரு விளக்கு ஏத்தலை, சவரம் பண்ணலை. தாடியோட ஆபீஸ் போனாரு. என்னாச்சுன்னு கேட்டவங்ககிட்ட 'வீட்ல தீட்டு'ன்னு சொல்லியிருக்காரு. புதன்கிழமை சாயங்காலம் அவரு ஆபீஸ்ல இருந்து மூணு பேர் ஆரஞ்சுப் பழத்தோட துக்கம் விசாரிக்க வந்துட்டாங்க. சோபாவுல வரிசையா உக்காந்து ரெண்டு நிமிஷம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. எதிர்ல கூம்பு மாட்டிக்கிட்டு வக்கீல் படுத்திருக்கான். அதுல பெரியவரு எங்கிட்ட மெதுவா, "பாபிஜி, யாரு போனது?"ன்னு ஹிந்தியில கேட்டாரு. நான் நாயைக் காட்டுனேன். அவரு நாயைப் பாத்தாரு, நாய் அவரைப் பாத்துச்சு.

"பார்ட்லி"ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

அவங்க டீயைக் கூட முழுசாக் குடிக்கலை. எனக்குச் சிரிப்பு அடக்க முடியாம அடுப்படிக்கு ஓடிப் போனேன், அங்க போனதும் சிரிப்பு வரலை. ஏன்னா வக்கீல் மூணு நாளா எந்திரிக்கவே இல்லை. துண்டைக் குடுத்துத் தூக்குவேன், மாவு மூட்டையாட்டம் தொங்குவான். இறக்குனா அப்படியே சரிஞ்சு படுத்துருவான். ஒரு குரைப்பு கிடையாது. வெளிய பால்காரன் வந்து கத்துனாலும் காதைக் கூட அசைக்கலை. இவன் விட்டுட்டானோன்னு எனக்குப் பயமாயிருச்சு. வேன் வேற நாளைக்கு வருது.

வியாழக்கிழமை சாயங்காலம் ருக்மிணி தும்மிக்கிட்டே வந்து சேந்தா, அண்ணனுக்கு வேட்டி குடுக்க. வேட்டியைக் குடுத்துட்டு விரலை விட்டு எண்ணுனா. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. அவ மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே!

"அண்ணே, வெள்ளிக்கிழமை ஒன்பதுக்குக் காதுகுத்து. உனக்குத் தீட்டு வெள்ளிக்கிழமை ராத்திரிதான முடியுது?"

அவரு பேப்பரை எடுத்துப் பாத்தாரு. நிமிந்தாரு. மறுபடி பாத்தாரு.

"தாய்மாமன் இல்லாம எப்படிண்ணே? நாய்க்குப் போயி ஏதுண்ணே தீட்டு? ஒண்ணுமில்லைன்னு சொல்லிரேன்."

"கணக்குப் போட்டா போட்டதுதான் ருக்கு. நம்ம வசதிக்கு மாத்த முடியாது."

அந்த நேரம் பாத்து வேன் வந்துருச்சு. டிரைவர் கையில சங்கிலியோட வாசல்ல நின்னு, நாயை ஏத்தணுமா வேண்டாமா, ஜல்தி சொல்லுங்கன்னு ஹிந்தியில அவசரப்படுத்துறான். நான் எந்திரிச்சு வக்கீலுக்கும் வாசலுக்கும் நடுவுல போயி நின்னேன்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தீட்டு யாருக்கு வரும்?"

"பங்காளிக்கு."

"அப்ப வக்கீல் உங்க பங்காளி. கால் போன பங்காளியை வேன்ல ஏத்தி அனுப்புவீங்களா? ஊர்ல சொல்லிப் பாருங்க, காறித் துப்புவாங்க. பங்காளி இல்லைன்னா தீட்டும் இல்லை. தீட்டு இல்லைன்னா அவன் அந்த மூலையில கெடக்கறதுல உங்களுக்கு என்ன முட்டுது? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க."

ருக்மிணி தும்முனா. அவரு பேப்பரைப் பாக்கறாரு, வேட்டியைப் பாக்கறாரு, சங்கிலியைப் பாக்கறாரு. பத்தொம்பது வருஷ சர்வீஸ்ல அவரு போட்ட கணக்கு அவரையே மடக்குனது இதான் முதல் தடவையா இருக்கும்.

"தீட்டு இல்லை"ன்னாரு கடைசியில. "வேனைப் போகச் சொல்லு. ஆனா ஒண்ணு, நான் அதைத் தொட மாட்டேன். விருந்தன்னைக்கு அடுப்படியில வச்சுப் பூட்டிக்கோ."

வேன் போயிருச்சு. ருக்மிணி போகும்போது, "ஒரு நாய்க்காக எங்கண்ணனை என்ன பாடு படுத்துறீங்க மதினி"ன்னுட்டுப் போனா. காதுகுத்துக்கு நான் வரலைன்னதுல அவளுக்கு ஏற்கெனவே கோவம். வரமுடியாதுல்ல? மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை யாரு தூக்குறது?

வெள்ளிக்கிழமை. வெயில் இப்பத்தான் எட்டிப் பாக்குது. அவரு சவரம் பண்ணி, புது வேட்டி கட்டி, தோடும் பழமும் வச்ச சீர்த்தட்டை எடுத்துக்கிட்டு ஏழரைக்குக் கிளம்புறாரு. நான் வக்கீலைத் துண்டுல தூக்கி முன்னாடி இருக்கிற பார்க்குக்குக் கொண்டு போறேன். டாக்டரம்மா சொன்ன கடைசி நாள். இருபத்திரெண்டு கிலோ. பெஞ்சுகிட்ட போகும்போது இடுப்புல சுரீர்னு புடிச்சுது பாருங்க, அப்படியே குனிஞ்ச வாக்குல நின்னுட்டேன். விட்டா தையலோட விழுவான். தூக்கவும் முடியலை.

"ஏங்க!"

கேட்டுகிட்ட டாக்சிக்குக் கை காட்டிக்கிட்டு இருந்தவரு திரும்புனாரு. வாட்சைப் பாத்தாரு. அப்புறம் தட்டை டாக்சிக்காரன் கையில குடுத்துட்டு வந்து, துண்டோட ரெண்டு முனையையும் புடிச்சுக்கிட்டாரு. நான் பெஞ்சுல சரிஞ்சேன்.

வக்கீல் மூக்கைத் தூக்கி அவரு வேட்டியை மோந்தான். முன்னங்கால் ரெண்டையும் ஊனுனான். பின்னங்காலைத் தரையில வச்சு ஒரு எட்டு, ரெண்டு எட்டு. நாலு நாளா எனக்கு நடக்காதவன் அந்த மனுஷனுக்கு நடக்கிறான்! எனக்கு வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு, கும்பிடணும் போலவும் இருந்துச்சு. அவரு துண்டை எங்கிட்ட நீட்டுனா உடனே உக்காந்துருவான். அவரு புடிச்சா நடப்பான். பார்க்கைச் சுத்தி ஒரு ரவுண்டு, ரெண்டாவது ரவுண்டு. எட்டு, எட்டரை. வாக்கிங் வந்தவங்க எல்லாம் நின்னு பாக்கறாங்க. போன் அடிக்குது, அவரு எடுக்கலை. டாக்சிக்காரன் சீர்த்தட்டோட பின்னாலயே வர்றான்.

"போங்க, நேரமாச்சு"ன்னேன்.

"இந்த ரவுண்டு முடியட்டும்"ன்னாரு.

எட்டே முக்காலுக்கு ருக்மிணி என் போனுக்கு அடிச்சா. உண்மையைச் சொன்னேன். என்னென்னவோ திட்டுனா, அழுதா. பத்தரை வரைக்கும்தான் நல்ல நேரம், மாமன் மடி இல்லாம குத்தக் கூடாது. பத்தேகாலுக்கு ஒரு கார் பார்க் வாசல்ல வந்து நின்னுச்சு. பட்டுப்புடவையில ருக்மிணி, இடுப்புல மொட்டைத்தலைக் குழந்தை, பின்னாடி காது குத்துற பச்சைமுத்து ஆசாரி டப்பாவோட இறங்குறாரு.

"மடி எங்க இருக்கோ அங்கயே குத்துங்க ஆசாரி"ன்னா ருக்மிணி, அண்ணன் மூஞ்சியைப் பாக்காம.

அவரு பெஞ்சுல உக்காந்தாரு. ஒரு கையில குழந்தை, இன்னொரு கையில துண்டு. துண்டுல வக்கீல். நான் குழந்தை தலையைப் புடிச்சுக்கிட்டேன். ஆசாரி நாயை ஒரு பார்வை பாத்தாரு, சாமியைக் கும்பிட்டாரு, குத்துனாரு.

குழந்தை போட்ட சத்தத்துல மரத்துல இருந்த கிளியெல்லாம் பறந்துச்சு. எல்லாரும் குழந்தையைப் பாக்கறோம். அந்தச் சத்தத்துக்கு நடுவுல குறுக்க ஒரு குரைப்பு. வள்! அஞ்சு நாளைக்கு அப்புறம் முதல் குரைப்பு. திரும்பிப் பாத்தா, கூம்பு மாட்டுன தலையோட, மூணு கால்ல, துண்டுக்கு வெளிய நிக்கிறான். யாரும் புடிக்கலை. குழந்தையைப் பாத்து இன்னொரு தடவை குரைச்சான். அப்புறம் எங்க யாரையும் மதிக்காம, குதிச்சுக் குதிச்சு வேப்பமரத்துக்குப் போயி, வலது பக்கம் எடுக்குறதுக்குக் கால் இல்லாததால சும்மா நின்னுக்கிட்டே ஒண்ணுக்குப் போனான்.

நாலு நாளா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவ நான். அங்க எல்லாரு முன்னாடியும் ஓன்னு அழுதேன். ஆசாரி ரெண்டாவது காதுக்குக் காத்துக்கிட்டு இருக்காரு.

எங்க வீட்டுக்காரரு மட்டும் அசையலை. கண்ணு மரத்துகிட்ட இருக்கு, கையில வெறுந்துண்டு, அதை வெரல் வெளுக்கப் புடிச்சிருக்காரு.

"துண்டை விடுங்க, பிள்ளையை ரெண்டு கையாலயும் புடிங்க"ன்னேன்.

"விட்டா விழுந்துருவான்டி"ன்னாரு.