கோட்டுக்குள் நிறுத்தவும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் புத்தகம் காணாமல் போனால் யாரும் தேட மாட்டார்கள். மாணவன் காணாமல் போனால் அடுத்த தேர்வில்தான் தெரியும். ஆனால் கார் நிறுத்த இடம் இல்லையென்றால் பேராசிரியர்கள் கைகலப்பு வரை போவார்கள். நானே போயிருக்கிறேன். வேதியியல்காரர் தன் ஜீப்பை இரண்டு இடத்துக்கு நடுவில் குறுக்காக நிறுத்தியதற்காக, ஐம்பது வயதில், மாணவர்கள் பார்க்க, அவர் சட்டையைப் பிடித்தேன். பட்டன் ஒன்று என் கையோடு வந்துவிட்டது. மறுநாள் அதை ஒரு உறையில் போட்டு அவர் மேஜையில் வைத்தேன். அதற்கு மேல் என்ன மன்னிப்பு வேண்டும்?

வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து சுற்ற ஆரம்பிக்க வேண்டும். நூலகத்தைச் சுற்றி, விடுதியைச் சுற்றி, மறுபடி நூலகம். எவனாவது காருக்குள் உட்கார்ந்திருந்தால் பின்னால் போய் நின்று கண்ணாடியை இறக்கி, "எடுக்கப் போறியாப்பா?" என்று கெஞ்ச வேண்டும். "இல்ல சார், ஃபோன் சார்ஜ் ஏத்திக்கிட்டு இருக்கேன்" என்பான். அந்த நேரத்தில் எனக்கு வருகிற கோபத்தை வெளியே சொன்னால் வேலை போய்விடும். என் மனைவி ஃபோனில் கேட்பாள், "இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கீங்களா? பேசாம கார்லயே பாடம் எடுத்துடுங்க." அவளுக்குச் சிரிப்பு. அவள் அலுவலகத்தில் நிலத்தடியில் இரண்டு தளம் பார்க்கிங் இருக்கிறது.

எங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கால்பந்து மைதானம். நகராட்சிக்குச் சொந்தம். ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர் படிக்கட்டு, மேலே துருப்பிடித்த தகரக் கூரை. படிக்கட்டுக்குக் கீழே இரண்டு அறை. அதில் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் மனைவியோடும் மகளோடும் குடியிருந்தார். அவரைக் கோட்டண்ணன் என்பார்கள். கோட்டுப் போட்டு யாரும் பார்த்ததில்லை. கோடு போடுகிறவர், அதனால் அந்தப் பெயர். ஒற்றைச் சக்கர வண்டியில் சுண்ணாம்பை நிரப்பிக்கொண்டு அவர் தள்ளிக்கொண்டு போனால் பின்னால் வெள்ளைக் கோடு நூல் பிடித்த மாதிரி விழும். மகளுக்கும் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, கீப்பர் என்றுதான். பெண்கள் அணியில் கோல் காப்பவள், அணித்தலைவியும் அவளே. அவளுடைய பெரிய கையுறைகள் எப்போதும் அந்த அறைக்கு வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்.

ஒரு மழை நாளில் சுற்றிச் சுற்றி அலுத்துப்போய் மைதானத்து வாசலில் காரை நிறுத்திக்கொண்டு நின்றேன். கோட்டண்ணன் குடையோடு ஓடி வந்தார். "என்ன சார், கிளாசுக்கு நேரமாயிடுச்சா? கோலுக்குப் பின்னாடி இடம் கிடக்கு, விட்டுட்டுப் போங்க" என்றார். விட்டுவிட்டுப் போனேன். மறுநாள் மழை இல்லை, அப்போதும் விட்டேன். அதற்கடுத்த வாரம் வேதியியல்காரருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அவர் வந்தார், அவரோடு கணிதம் வந்தது, வரலாறு வந்தது, கடைசியில் பதிவாளரின் டிரைவரே வந்தான்.

கோட்டண்ணன் ஒரு காசு வாங்கியதில்லை. அந்த ஆளுக்கு வேறு கணக்கு இருந்தது. மைதானத்தைக் கேட்டு எங்கள் பல்கலைக்கழகம் நகராட்சிக்கு எழுதிப்போட்டிருக்கிறது, அங்கே பல மாடி பார்க்கிங் கட்டப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஒருநாள் என் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நாளைக்கு இந்த கிரவுண்டுக்கு ஒரு பிரச்சினைன்னா நீங்க நாலு பேர் எங்களுக்காகப் பேசுவீங்கல்ல சார்?"

"இது என்ன கேள்வி? உங்களுக்குப் பேசாம யாருக்குப் பேசப் போறோம்?" என்றேன். நேரமாகிக்கொண்டிருந்தது, வேறு என்ன சொல்வது?

கார்கள் கூடக் கூட உரசல்களும் கூடின. நான்தான் யோசனை சொன்னேன். "கோடு போட்டுக் குடுங்கண்ணே, எல்லாரும் ஒழுங்கா நிறுத்துவாங்க." அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாண வீட்டுப் பொறுப்பை ஒப்படைத்த மாதிரி ஆகிவிட்டார். வளைந்து நிற்கும் கார்களைப் பார்த்துப் பார்த்து மனுஷனுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லையாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோலுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டங்கள். எல்லாம் ஒரே அகலம். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டக் கோடுகளையும் கார்க் கோடுகளையும் சேர்த்தே புதுப்பித்தார். கட்டங்கள் பக்கவாட்டில் நீண்டன, மூலைக்கொடியைத் தாண்டின, பெனால்டி கட்டத்துக்குள் நுழைந்தன. பெண்கள் மறு பாதிக்கு ஒதுங்கிப் பயிற்சி செய்தார்கள். கீப்பர் அப்பாவிடம் சண்டை போட்டதை ஒருமுறை நான் கேட்டேன்.

"அப்பா, இவங்க போக மாட்டாங்கப்பா. பாத்துக்கிட்டே இரு."

"படிச்சவங்கம்மா. நேரம் வந்தா நமக்கு நிப்பாங்க."

பாராட்டினால் யாருக்குத்தான் பிடிக்காது? அன்றைக்குக் காரை மிகவும் ஒழுங்காக நிறுத்தினேன்.

பிறகு நகராட்சியிலிருந்து முடிவு சொன்னார்கள். மூன்று அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள். மைதானம் மைதானமாகப் பயன்பட்டால் அப்படியே விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். போனால் பெண்கள் அணியும் போனது மாதிரிதான், சொந்த மைதானம் இல்லாத அணியை லீக்கில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கோட்டண்ணன் அதே நாள் காலையில் ஒரு லீக் ஆட்டத்தை வைத்தார். அதிகாரிகள் வரும்போது ஆட்டம் சூடு பிடித்திருக்க வேண்டும் என்பது திட்டம். எங்கள் ஒவ்வொருவர் அறைக்கும் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டார்.

"புதன்கிழமை ஒருநாள் மட்டும் வண்டி விடாம இருங்க சார். ஒருநாள்."

எல்லோரும் தலையை ஆட்டினோம். வேதியியல்காரர் நெஞ்சில் கை வைத்தே சொன்னார், "உங்களுக்காக ஒருநாள் பஸ்ல வரமாட்டேனா?"

புதன்கிழமை பருவத் தேர்வு தொடங்கியது. வெளிக் கல்லூரிக்காரர்கள், பெற்றோர்கள், பறக்கும் படை என்று வளாகம் பிதுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அறைக் கண்காணிப்பு. தாமதமானால் குறிப்பாணை வரும். நூலகம், விடுதி, மறுபடி நூலகம் என்று சுற்றினேன். ஒரு சைக்கிள் நிற்க இடமில்லை. என் ஒரு கார் நின்றால் மைதானம் குடிமுழுகிப் போய்விடுமா என்று யோசித்தேன். மற்றவர்கள்தான் யாரும் விடமாட்டார்களே. மைதானத்துக்குள் திரும்பினால் ஜீப் ஏற்கனவே உள்ளே நிற்கிறது. கணிதம் நிற்கிறது. வரலாறு நிற்கிறது. நெஞ்சில் கை வைத்தவர்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். கட்டங்களெல்லாம் நிறைந்து, மிச்சமிருந்தது கோல் வாயிலுக்கு நேர் முன்னால் ஒரு இடம்.

கீப்பர் கையுறையோடு ஓடி வந்து என் கண்ணாடியைத் தட்டினாள். "சார், இங்க வேணாம் சார். இன்னிக்கு மேட்ச். அப்பா சொன்னாங்கல்ல சார்?"

"அஞ்சே நிமிஷம்மா, வந்து எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பூட்டிக்கொண்டு நடந்தேன். நடக்கும்போதே தெரியும், எடுக்கப் போவதில்லை. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், பின்னால் கூப்பிடவில்லை.

கூடுதல் விடைத்தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது தேர்வறை வாசலில் அவள் வந்து நின்றாள். மஞ்சள் ஜெர்சி, முட்டிவரை காலுறை, மூச்சு வாங்கியது. படியேறி ஓடி வந்திருக்கிறாள்.

"சார், உங்க வண்டிதான் சார் கோலுக்கு நேரா நிக்குது. அது ஒண்ணு போனா அரை கிரவுண்டுல சமாளிச்சு ஆடிடுவோம். சாவியக் குடுங்க சார். எங்க கோச் நல்லா ஓட்டுவாங்க."

சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. புது கார், பத்திரப்படுத்தி ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இருக்கையிலிருந்து இன்னும் கிழிக்கவில்லை. யாரோ ஒரு கோச் கையில் எப்படிக் கொடுப்பது? பிள்ளைகள் எல்லோரும் பேனாவை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

"எக்ஸாம் நடக்குது, தெரியலியா? வெளிய போ" என்றேன்.

அவள் போகவில்லை. கையுறை போட்ட இரண்டு கையையும் நீட்டியபடி நின்றாள், பந்துக்குக் காத்திருப்பதுபோல. "சார், ப்ளீஸ் சார். வந்துட்டாங்க சார்."

நான் கதவைச் சாத்தினேன்.

அந்த அறையின் ஜன்னல் மைதானத்தைப் பார்த்தது. நான் பார்க்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கண்காணிப்பில் வேறு என்ன வேலை? பெண்கள் என் காரைச் சுற்றி நின்று தள்ளிப் பார்த்தார்கள். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தேன். பிறகு என்ன பேசிக்கொண்டார்களோ, அப்படியே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று அதிகாரிகள் படிக்கட்டில் நின்றார்கள். கீப்பர் வலைக்கு முன்னால் நின்றாள், அவளுக்கு முன்னால் என் கார் நின்றது. எதிரணிக்காரி ஒருத்தி உதைத்த பந்து என் கதவில் மோதியது. அலாரம் அலறியது. திரும்பி வந்த பந்து ஜீப்பில் பட்டு அதுவும் அலற, நடுவர் விசிலை ஊதியது யாருக்கும் கேட்கவில்லை. அதிகாரிகளில் இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். மூன்றாவது ஒரு பெண்மணி, சிரிக்காமல் ஃபோனில் படம் எடுத்தார்.

கீழே நடந்த பேச்சை வேதியியல்காரர் பிறகு சொன்னார். அலாரத்தை நிறுத்த அவர் ஓடியிருந்தார், ஜீப்பை எடுப்பதற்கு இல்லை.

"இது ஏற்கனவே பார்க்கிங்தானே?" என்று அந்த அம்மா கோட்டண்ணனிடம் கேட்டாராம்.

"இல்லீங்க மேடம். கிரவுண்டுதாங்க. இன்னிக்கு மட்டும் கொஞ்சம் வண்டிங்க..."

"இன்னிக்கு மட்டும்னா கோடு எதுக்குப் போட்டிருக்கீங்க?"

அந்த அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நேர்த்தியா போட்டிருக்கீங்க, யாரு போட்டது?" என்று கேட்டாராம். இந்த ஆள், கேட்ட கேள்விக்கு உண்மையைத் தவிர வேறு சொல்லத் தெரியாத மனுஷன், "நான்தாங்க" என்றாராம். இதைச் சொல்லிவிட்டு வேதியியல்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். கேட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும்.

மாலை காரை எடுக்கப் போனபோது கதவில் ஒரு நெளிவு. கோட்டண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "யார் இதுக்குப் பொறுப்பு?" என்று கேட்டேன். எழுந்து வந்து தன் துண்டால் அந்த நெளிவைத் துடைத்தார், துடைத்தால் போய்விடும் என்பதுபோல. "மன்னிச்சிருங்க சார்" என்றார். கீப்பர் அப்பா கையிலிருந்து துண்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். வளர்ப்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்சிக்குழுவில் மைதானப் பேச்சு வந்தபோது நாங்கள் நாலு பேரும் இருந்தோம். யாரும் எதிர்க்கவில்லை. தேநீர் நன்றாக இருந்தது.

இப்போது அங்கே ஐந்து தளம். எனக்குத் தரைத்தளத்திலேயே இடம் கிடைத்தது. கோட்டண்ணனை வாசலில் தடுப்புக் கம்பி தூக்க வைத்தார்கள், பல்கலைக்கழகம் இரக்கமில்லாதது என்று யாரும் சொல்ல முடியாது. குடும்பம் ஊருக்கு வெளியே ஒற்றை அறைக்குப் போய்விட்டது. ஒருநாள் மரியாதைக்குக் கேட்டேன்.

"கீப்பர் எப்படி இருக்கா?"

"துணிக்கடையில நிக்கிறா சார்."

"விளையாட்டெல்லாம்?"

அவர் கம்பியைத் தூக்கினார். பின்னால் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

நான் நிறுத்தி இறங்கும்போது வந்து நின்றார். "சார், பின் சக்கரம் கோட்டு மேல இருக்கு. எடுத்து சரியா நிறுத்துங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் நகரவில்லை. எடுத்து மறுபடி நிறுத்தினேன். "இன்னும் கொஞ்சம் சார்." மறுபடி. மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். குரலில் கோபம் இல்லை, மரியாதைக் குறைவு இல்லை. சக்கரத்தை மட்டும் பார்ப்பார், என் முகத்தைப் பார்க்கவே மாட்டார். வேதியியல்காரரிடம் கேட்டேன், அவரிடம் இப்படிச் சொன்னதே இல்லையாம்.

பதிவாளரிடம் போய், வாசலில் இருக்கும் ஆள் ஆசிரியர்களை அவமதிக்கிறான் என்றேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, கண்டித்தால் போதும் என்றுதான் சொன்னேன். பதிவாளர் கை வேகமானவர். அடுத்த வாரம் வாசலில் ஒரு இயந்திரம் நின்றது. அட்டையைக் காட்டினால் கம்பி தானாகத் தூக்கிக்கொள்கிறது. கோட்டண்ணன் உட்கார்ந்திருந்த ஸ்டூலைச் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அன்று காலை என் இடத்தில் நிறுத்தினேன். பக்கத்தில் யாரும் இல்லை. இறங்கி, காரைச் சுற்றி வந்து, நாலு சக்கரத்தையும் பார்த்தேன். வலப்பக்கத்துப் பின் சக்கரம் கோட்டின் மேல் இருந்தது. அப்படியே விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன்.