நிற்காத எண்ணும் நின்ற எண்ணும்

குழந்தைகள் வார்டில் எல்லாருக்கும் வாய் துறுதுறுத்தது. ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்த்துப் பார்த்து ‘ஸ்பேனர்’ என்றே பெயர் விழுந்துவிட்டவன், தன் சொந்த மகளை நிறுக்கும் தராசைத் தானே பிரித்து மாட்டியிருக்கிறான் என்றால் யாருக்குத்தான் வேலை ஓடும்?

குறைமாதத்தில் பிறந்தவள். இரண்டு கிலோ ஆனால்தான் வீடு. அவள் உதைக்கிற உதையில் தராசின் எண் இரண்டைத் தாண்டும், ஒன்றரைக்கு விழும், ஓரிடத்தில் நிற்காது. மூன்று நாளாக அவன் மனைவி பையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"என்ன ஸ்பேனர், பொண்ணுக்கு வெயிட்டு ஏத்திட்டீங்களாமே?" என்றார் பெரிய சிஸ்டர்.

"ஏத்தவுமில்ல, இறக்கவுமில்ல சிஸ்டர். உதையை மட்டும் வடிகட்டுது."

உள்ளே அவன் பற்றவைத்தது கொஞ்சம்தான். ரெசிஸ்டர் ஒரு குறுகலான வாசல். அதன் பின்னால் கெப்பாசிட்டர் ஒரு குடம். உதை வந்த வேகத்தில் போய்விடும், குடம் நிறையாது. அசையாத எடைதான் நின்று நிரப்பும். அந்தக் குடத்திலிருந்து திரை நேரே மொண்டால் அளவு குறைந்துவிடும் என்று நடுவில் ஆப்-ஆம்ப் என்று ஒரு சில்லு. ஒரு சொட்டும் தொடாமல் எட்டிப் பார்த்து, தன் சொந்த பலத்தில் திரைக்குச் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரி மாதிரிதான். என்ன, இது கூட்டிச் சொல்லாது.

சிஸ்டர் நம்பாமல் இரண்டு கிலோ இரும்பை வைத்தார். எண் விறுவிறுவென்று ஏறி, நெருங்க நெருங்கத் தயங்கி, சரியாக இரண்டில் நின்றது.

"நிறைமாசக்காரி படியேறுற மாதிரில்ல ஏறுது!"

"கெப்பாசிட்டர் கொஞ்சம் பெருசாயிடுச்சு சிஸ்டர், குடம் நிரம்ப நேரமாகுது."

பிறகு பாப்பா. கால்கள் காற்றை மிதித்தன. எண் அதைச் சட்டை செய்யவில்லை. ஜன்னல் வெளிச்சம் திரையில் பாலாகப் பரவ, இலக்கங்கள் அதற்குள்ளிருந்து மிதந்து வந்தன. வார்டே தண்ணீருக்கடியில் போய்விட்டதுபோல் இருந்தது ஸ்பேனருக்கு. ஒன்று தொண்ணூறு. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றெட்டு.

நின்றுவிட்டது.

பழைய தராசாக இருந்தால் அடுத்த உதைக்கே இரண்டைத் தாண்டியிருக்கும். சிஸ்டரும் கண்டும் காணாமல் எழுதியிருப்பார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று அவன் மனைவியைப் பார்க்கவே பயந்தான்.

"ஏங்க, இது நிஜமான எடையா?"

"நிஜம்."

"அப்ப இருபது கிராம்தானா? எவ்வளவு குறையுதுன்னே தெரியாமதானே மூணு நாளா உயிர் போச்சு."

பையை அவிழ்த்துத் துண்டை எடுத்தாள்.

"வாடி தங்கம், பசியாறலாம்."